அத்தோவின் கதை

"காய்கறிகளைப் பற்றி ஒரு சரித்திரக் கட்டுரை எழுதப் போகிறேன்" என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ராஜ்யங்கள் எழுந்ததையும் விழுந்ததையும் எழுதினால் அது சரித்திரம். முட்டைக்கோஸையும் வெங்காயத்தையும் எழுதினால் அது சமையல் குறிப்பு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்" என்றார். ராஜ்யம் விழுந்த மறுநாள் அந்த ராஜ்யத்து ஜனங்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்பது சரித்திரத்தைச் சேர்ந்ததா, சமையலைச் சேர்ந்ததா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆகையால் வாசகர்களிடம் வந்திருக்கிறேன்.

நம்முடைய நடுத்தரக் குடும்பங்களில் காய்கறியைப் பற்றி இப்போது ஓயாத வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. வீட்டுத் தலைவரை டாக்டர் பரிசோதித்துவிட்டு, "சோற்றைக் குறையுங்கள், பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிடுங்கள்" என்கிறார். மறுநாள் வெள்ளரிக்காயும் காரட்டும் வட்ட வட்டமாக நறுக்கப்பட்டுத் தட்டில் வருகின்றன. அதற்கு 'சாலட்' என்று பெயர். உப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தலைவர் நாலு துண்டு தின்கிறார். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பசிக்கிறது. சமையலறைக்குள் எட்டிப் பார்த்து, "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்கிறார். வேறு ஏதாவது என்றால் சாம்பார், ரசம், கூட்டு, பொரியல். அதாவது அந்த வீட்டு அம்மாளுக்குக் காலை முழுவதும் அடுப்படியில் வேலை. பச்சையாகத் தின்றால் வயிறு நிறையவில்லை. சமைத்துத் தின்றால் வேலை தீரவில்லை. இதுதான் வழக்கு.

இந்த வழக்குக்கு வடசென்னையில் வெகு காலத்துக்கு முன்பே தீர்ப்பாகிவிட்டது. கடற்கரை ரயில் நிலையத்தின் பக்கம் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் போய்ப் பாருங்கள். கடைக்காரர் ஒரு பெரிய பாத்திரத்தில் வேக வைத்த சேவையைப் போடுகிறார். பச்சை முட்டைக்கோஸைத் தலைமயிர் போல் சீவிப் போடுகிறார். பச்சை வெங்காயம் ஒரு பிடி, பொரித்த வெங்காயம் ஒரு பிடி. புளித் தண்ணீர், பூண்டு மணக்கும் எண்ணெய், மிளகாய்த் தூள், உப்பு. கடைசியாக ஒரு மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவி, எல்லாவற்றையும் கையால் பிசைந்து தட்டில் வைக்கிறார். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பகலெல்லாம் மூட்டை தூக்கின மனிதருக்கும், துறைமுகத்தில் கணக்கெழுதிவிட்டு ரயிலுக்கு ஓடும் குமாஸ்தாவுக்கும் அதுவே ராத்திரிச் சாப்பாடு. அதன் பெயர் 'அத்தோ'. சிலர் 'அதோ' என்றும் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் அந்தப் பெயர் கைகாட்டுவது கடலுக்கு அப்பால் உள்ள பர்மாவைத்தான்.

கடலுக்கு அப்பால் இருந்த பண்டம் நம் தெருவுக்கு எப்படி வந்தது? இதைத் தெரிந்துகொள்ள ரங்கூனுக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. சடையங்குப்பம் வரையில் போனால் போதும்.

பட்டினத்தடிகள் அடங்கிய திருவொற்றியூருக்கு வடமேற்கே, பக்கிங்காம் கால்வாய்க்கு அப்புறம், மணலிக்கும் எண்ணூருக்கும் இடையில் இருக்கிறது சடையங்குப்பம். 1806-ம் வருஷம் பாசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய உப்புக் கால்வாய்தான் பிற்பாடு பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. கொசஸ்தலை ஆறு இந்தப் பிரதேசத்தின் வழியாகத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகிறது. மணலியில் 1969-ல் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதைத் தொடர்ந்து உர ஆலையும் வேறு பல ஆலைகளும் வந்தன. சடையங்குப்பம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆயினும் பெரும்பாலான சென்னைவாசிகள் அந்தப் பெயரைக் கேள்விப்படுவது ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான். பூண்டி ஏரி நிரம்பி உபரி நீரைத் திறந்துவிட்டால், கொசஸ்தலைக் கரையில் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்கும்படி சர்க்கார் ஓர் எச்சரிக்கை விடுகிறது அல்லவா? அந்த ஊர்ப் பட்டியலின் கடைசியில் எண்ணூருக்குப் பக்கத்தில் சடையங்குப்பத்தின் பெயரும் வரும். இங்கேதான் பர்மா நகர் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது.

கொசஸ்தலைக் கரைக்கு ஐராவதி நதிக் கரையின் பெயர் எப்படி வந்தது?

இங்கிலீஷ்காரர்கள் பர்மாவை ஒரே மூச்சில் விழுங்கவில்லை. 1826, 1852, 1885 என்று மூன்று யுத்தங்களில் மூன்று கவளமாக விழுங்கினார்கள். இரண்டாவது கவளத்தில் ஐராவதியின் கழிமுகம் அவர்கள் கைக்கு வந்தது. அங்கே காடு திருத்தி நெல் போட்டால் பொன் விளையும். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபோது அந்த நெல்லுக்கு ஐரோப்பாவின் கதவும் திறந்தது. நிலத்தைத் திருத்தப் பணம் வேண்டும். செட்டிநாட்டிலிருந்து லேவாதேவிக்காரர்கள் போனார்கள். அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆள் வேண்டும்; தமிழ்நாட்டிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் ஏழை ஜனங்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். 1931-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி பர்மாவில் இருந்த இந்தியர்கள் 10 லட்சத்துக்கு மேல். ரங்கூன் பட்டணத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். தமிழ்ப் பத்திரிகைகூட அங்கே நடந்தது. வெ. சாமிநாத சர்மா அவர்கள் 'ஜோதி' என்ற மாதப் பத்திரிகையை ரங்கூனிலிருந்துதான் நடத்தினார்.

அந்த வாழ்வுக்கு முதல் அடி 1941 டிசம்பர் 23-ந் தேதி விழுந்தது. அன்று ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு போட்டார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பல் ஏறினார்கள். மற்றவர்கள் லட்சக்கணக்கில் அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் கால்நடையாகத் தாண்டினார்கள். வழியில் மாண்டவர்கள் ஆயிரமாயிரம் பேர். சாமிநாத சர்மாவும் அப்படி நடந்து வந்தவர்களில் ஒருவர். அந்த யாத்திரையைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை வாசகர்களில் பலர் படித்திருப்பார்கள்.

யுத்தம் முடிந்தது. 1948 ஜனவரி 4-ந் தேதி பர்மா சுதந்திரம் அடைந்தது. அங்கேயே தங்கிவிட்ட தமிழர்களும், திரும்பிப் போன தமிழர்களும் மறுபடியும் கடை வைத்தார்கள், கழனி செய்தார்கள், கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்தார்கள். குழந்தைகள் வீட்டில் தமிழும் தெருவில் பர்மியும் பேசின. தமிழ்ச் சிறுவர்களின் நாக்கு தெருவில் கற்றது பாஷையை மட்டும் அல்ல.

பர்மியருக்குக் 'தோ' என்று ஒரு சொல் உண்டு. எழுத்தில் அதன் முடிவில் ஒரு மெய்யெழுத்து இருக்கிறது. பேச்சில் அது தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். கையால் கலந்து பிசைவது என்று அர்த்தம். முன்னால் ஓர் அகரத்தைச் சேர்த்தால் 'அதோ', அதாவது பிசைந்த பண்டம். எதை வேண்டுமானாலும் பிசைவார்கள். இஞ்சியைப் பிசைந்தால் ஒன்று. தக்காளியைப் பிசைந்தால் ஒன்று. வேக வைத்த சேவையைப் பிசைந்தால் ஒன்று. புளிக்க வைத்த தேயிலையை வறுத்த கடலை, எள், பொரித்த பூண்டு இவற்றோடு சேர்த்தால் 'லபெ தோ'. முற்காலத்தில் பர்மாவில் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னதும் வாதிக்கும் பிரதிவாதிக்கும் இந்தத் தேயிலையைக் கொடுப்பார்களாம். இருவரும் அதைத் தின்றுவிட்டால் தீர்ப்பை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நம்முடைய காய்கறி வழக்குக்கும் ஒரு தட்டு பிசைந்த பண்டமே தீர்ப்பாக வருவது பொருத்தம்தான்.

இவற்றுள் ஏழைக்கு நெருக்கமானது 'லெ தோ'. 'லெ' என்றால் கை. மீந்த சோறு, வெந்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் சேவை, கையில் கிடைத்த காய், கீரை, எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் பிசைவது. எந்த ஒரு சாமானும் ஒரு சாப்பாட்டுக்குப் போதாது. சேர்த்துப் பிசைந்தால் குடும்பத்துக்கே போதும்.

இங்கே வாசகர்கள் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். "காய்களைக் கலப்பதற்குத் தமிழன் பர்மாவுக்குப் போக வேண்டுமா? நம்மிடம் கூட்டு இல்லையா? அவியல் இல்லையா? கோசுமல்லி இல்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருவாதிரைக்கு ஏழு கறிக் கூட்டு வைக்கிறோம். பருப்பும் தேங்காயும் சேர்ந்து அந்த ஏழையும் ஒன்றாக்குகின்றன. அவியலில் அந்த வேலையைத் தேங்காயும் தயிரும் செய்கின்றன. பச்சடியில் தயிர் மட்டும். நாலு காயைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது கூட்டு ஆகாது. நாலையும் பிடித்துச் சேர்க்கிற ஐந்தாவது ஒன்று வேண்டும். எந்தத் தேசத்துச் சமையலிலும் இதுதான் சூட்சுமம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். கூட்டிலும் அவியலிலும் காய் முழுவதும் வெந்தது. பச்சைக் காய்க்கு நாம் கொடுத்த இடம் கோசுமல்லி. ராமநவமியன்று நீர்மோர், பானகத்தோடு ஊறின பயத்தம் பருப்பில் வெள்ளரிக்காயைக் கொத்திப் போட்டு, கடுகு தாளித்து, எலுமிச்சம்பழம் பிழிகிறோம். இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி. அது விருந்துக்கு அலங்காரம். அதுவே சாப்பாடு அல்ல. உப்பை முன்னதாகப் போட்டுவிட்டால் வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டுக் கோசுமல்லி சதசதவென்று ஆகிவிடும் என்று நம் பாட்டிமார்கள் எச்சரிப்பார்கள். பச்சைக் காயின் தொல்லை அதுதான். உப்புப் பட்டால் நீர் விடும். நீர் விட்டால் ருசி ஓடிவிடும்.

வெறும் பச்சைக் காயையே சாப்பாடாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. அவர்களில் மிகப் பெரியவர் மகாத்மா காந்தி. 1929-ல் அவரும் ஆசிரமவாசிகள் சிலரும் அடுப்பில் ஏற்றாத உணவை மட்டும் உண்டு சோதனை செய்தார்கள். காந்திஜிக்கு உடம்பு தளர்ந்து நோய் கண்டது, சோதனையை நிறுத்தினார். பச்சை மட்டும் போதாது என்பதை மகாத்மாவின் தேகமே ருசுப்படுத்திவிட்டது.

பர்மியர் இந்தத் தொல்லைக்குக் கண்ட உபாயம் எளியது. கடலைப் பருப்பைப் பொன்னிறமாக வறுத்து மாவாக அரைத்து வைத்துக்கொள்கிறார்கள். முட்டைக்கோஸையும் வெங்காயத்தையும் உப்போடு பிசையும்போது அவை நீர் விடுகின்றன அல்லவா? அந்த நீரை வறுத்த மாவு குடித்துவிடுகிறது. குடித்துப் பசையாகி, புளியையும் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு ஒவ்வோர் இழையிலும் ஒட்டிக்கொள்கிறது. கோசுமல்லியைக் கெடுத்த அதே நீர் இங்கே குழம்பாகிவிடுகிறது. வெந்த சேவையோ சோறோ கிழங்கோ வயிற்றை நிறைக்கிறது. பச்சைக் கோஸ் பல்லுக்கு வேலை கொடுக்கிறது. பொரித்த வெங்காயமும் பூண்டெண்ணெயும் நிறைவு தருகின்றன. புளி நாக்கை எழுப்புகிறது. ஒரே தட்டில் மெத்தென்றும் மொறுமொறுவென்றும் புளிப்பாகவும் காரமாகவும் கிடைத்துவிட்டால் மனிதன் இன்னொரு பதார்த்தம் கேட்பதில்லை.

இந்த வித்தையை ரங்கூன் தெருவில் கற்றுக்கொண்ட தமிழர்களுக்கு 1962-ல் மறுபடியும் சனி பிடித்தது. அந்த வருஷம் மார்ச் 2-ந் தேதி ஜெனரல் நே வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. மே 17-ந் தேதி 50 க்யாட் நோட்டும் 100 க்யாட் நோட்டும் செல்லாது என்று அறிவித்தது. கடை போயிற்று, கடையை விற்றுப் பணமாக்கி வைத்திருந்தவர்களுக்குப் பணமும் போயிற்று. இனி அங்கே வாழ வழியில்லை என்று கப்பல் ஏறினார்கள். தங்க நகையையும் சேமிப்பையும் கொண்டுபோக அனுமதி இல்லை. அந்தச் சில வருஷங்களில் தமிழ்நாட்டுக்கு மட்டும் 1,40,000 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். இங்கே மனம் பொருந்தாமல் தரை வழியாகவே பர்மாவுக்குத் திரும்பிவிடலாம் என்று புறப்பட்டவர்களும் உண்டு. எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரில் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் அங்காள பரமேசுவரிக்குக் கோயில் இருக்கிறது.

அவர்கள் வந்து இறங்கிய சமயத்தைப் பாருங்கள். தேசத்தில் அரிசிப் பஞ்சம். 1965-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுவிடும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். இருக்கிறவர்களே ஒரு வேளையைக் குறைக்க வேண்டிய காலத்தில், உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்த நாட்டிலிருந்து வெறுங்கையோடு வந்து நின்றார்கள் இந்த ஜனங்கள்.

வெறுங்கை என்று எழுதிவிட்டேன். வாஸ்தவத்தில் அந்தக் கை முழுக்க வெறுமையாக இல்லை. நகையைக் கழற்றி வாங்கிக்கொண்ட சுங்க உத்தியோகஸ்தர்களால் பிசையத் தெரிந்த கைப்பக்குவத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே சாலையோரத்தில் 1969-ல் பர்மா பஜார் எழுந்தது. அதே 1969-ல்தான், தாயகம் திரும்பியவர்களுக்குக் கடன் உதவி செய்வதற்காக ரெப்கோ வங்கியும் ஏற்பட்டது. பஜாரில் கடை பிடிக்க முதல் வேண்டும். முதல் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு பாத்திரம், ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, ஒரு கோஸ், இரண்டு படி வெங்காயம்: அத்தோக் கடைக்கு இவ்வளவு இருந்தால் தொடங்கலாம். கொத்தவால் சாவடி அப்போது நடக்கிற தூரத்தில் இருந்தது. அது கோயம்பேட்டுக்குப் போனது 1996-ல்தான். பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் காய்கறியில் மலிவானது எதுவோ அது அன்றைக்குத் தட்டில் விழும்.

முட்டைக்கோஸுக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. அதுவும் அகதியைப் போல அன்னிய மண்ணிலிருந்து வந்து சேர்ந்ததுதான். கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-க்குப் பிறகு உதகமண்டலத்தில் சீமைக் காய்கறிகளைப் பயிராக்க ஆரம்பித்தார். கோஸும் காரட்டும் பீட்ரூட்டும் அப்படித்தான் நம் மார்க்கெட்டுக்கு வந்தன. 'இங்கிலீஷ் காய்' என்று அதை வெகு நாள் தள்ளி வைத்திருந்தார்கள். ஆசாரமான வீடுகளில் திவசத்தன்று இன்றும் அதைச் சேர்ப்பதில்லை. அப்படித் தள்ளி வைத்த காயும், ஒரு தேசம் தள்ளிவிட்ட ஜனங்களும் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே சந்தித்தார்கள்.

இங்கே வந்த பிறகு அத்தோவின் ஜாதகமும் கொஞ்சம் மாறிற்று. பர்மியர் சேர்க்கும் மீன் சாறும் இறால் பொடியும் கழன்றுகொண்டன. சைவக்காரரும் தைரியமாகக் கை நீட்டலாம் என்றாயிற்று. சேவை ஆரஞ்சு வர்ணம் பூசிக்கொண்டது. பர்மாவில் கெளுத்தி மீனும் வாழைத்தண்டும் போட்டுக் காய்ச்சும் 'மொகிங்கா'விலிருந்து மீன் போய் வாழைத்தண்டு மட்டும் சூப்பாக நின்றது. 'பேஜோ' மாத்திரம் பெயர் மாறவில்லை. 'பே' என்றால் பருப்பு. 'ஜோ' என்றால் பொரித்தது. கடையில் நொறுக்கிப் போடும் தட்டைக்கு அதுதான் பெயர்.

பர்மா நகரில் ஓர் அம்மாளைச் சந்தித்தேன். ரங்கூனில் கப்பல் ஏறியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. மகன் இராயபுரத்தில் அத்தோக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வேண்டிய பூண்டெண்ணெயும் வறுத்த மாவும் இந்த அம்மாள் கையால்தான் தயாராகின்றன. திண்ணையில் உட்கார்ந்து வெங்காயம் சீவிக்கொண்டே பேசினார்.

"அங்கே எங்கம்மா சோத்தைத்தான் பிசைவாங்க தம்பி. காலைல வடிச்ச சோறு, ஒரு கிழங்கு, கொல்லைல பறிச்ச புளிச்ச கீரை. அவ்வளவுதான். இங்கே வந்து கடைக்குன்னு ஆனப்புறம்தான் இந்தச் சேவையும் கலரும்."

"சோற்றில் பிசைந்தால் நன்றாக இருக்குமா, அம்மா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே திரும்பி, "அந்தச் சட்டியைக் கொண்டா" என்று பேத்தியிடம் சொன்னார்.

பேத்தி கொண்டு வந்த மண்சட்டியில் மத்தியானத்துச் சோறு இருந்தது. அதில் தோல் உரித்த ஓர் உருளைக்கிழங்கை நசுக்கினார். ஒரு பிடி கோஸ், ஒரு வெங்காயம், ஒரு பிஞ்சுக் கத்தரிக்காய்ச் சுட்டது. உப்பைக் காய்களின் மேல் மட்டும் போட்டு முதலில் அவற்றைக் கசக்கினார். "கோஸு கையிலே கத்தறது நிக்கணும். அப்பத்தான் சோத்தைத் தொடணும்" என்றார். நறநறவென்ற சத்தம் அடங்கிக் கோஸ் துவண்டதும் மாவு, புளி, எண்ணெய், சோறு. விரல் நுனியால்தான் பிசைந்தார், உள்ளங்கை படவில்லை. உள்ளங்கை பட்டால் கூழாகிவிடுமாம். எல்லாம் ஐந்து நிமிஷம். வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். அன்று ராத்திரி எனக்கு வேறு சாப்பாடு தேவைப்படவில்லை.

"கடைல விக்கிறது வேலை பாக்கிறவங்களுக்கு. இது வீட்டுக்கு" என்றார் அம்மாள். பிறகு ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "தண்ணி வரும் தம்பி. வருஷா வருஷம்னு இல்லே, ஆனா வரும். பெரிய தண்ணி வந்தா அடுப்பு நனைஞ்சு போவும், சிலிண்டர் மிதக்கும். யாராவது சோத்துப் பொட்டலம் கொண்டாந்து குடுப்பாங்க. வெறும் சோறு எத்தினி வேளை தின்றது? பரண் மேல இந்த மாவும் எண்ணெயும் எப்பவும் வெச்சிருப்பேன். ஒரு கோஸும் வெங்காயமும் இருந்தா, அந்தப் பொட்டலத்தை நாலு பேருக்குப் பிசைஞ்சிடுவேன்."

அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை. மழைக்கு முன்னால் கூரை வேய்வதைப் போல ஒரு வீட்டு ஏற்பாட்டைச் சொன்னார். 1964-ல் கப்பலில் வந்த பாடத்தைக் கொசஸ்தலை ஆறு அவருக்கு மறக்க விடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் ஆலை எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் படர்ந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வீடு வாசலை ஒரு தரம் இழந்து வந்தவர்களுக்குத் தங்குவதற்குக் கிடைத்த நிலம் இப்படிப்பட்ட நிலம்.

பேத்தியைக் கேட்டேன்: "உனக்குப் பிசையத் தெரியுமா, அம்மா?"

"தெரியும் அங்கிள். ஆனா ஆயா மாதிரி வராது" என்றாள். 'தோ' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அது கடையின் பெயர் என்றே நினைத்திருந்தாள். பாட்டிக்குத் தெரிந்த பர்மியப் பேச்சில் மகனுக்குப் பாதி வந்தது. பேத்திக்கு இரண்டு சொல் மிச்சம். பாஷை ஒரு தலைமுறையில் கரைந்துவிடுகிறது. கைப்பக்குவம் இரண்டு தலைமுறை தாங்குகிறது. மூன்றாவதுக்கு என்ன ஆகும் என்பது, கற்றுக்கொள்ள யார் முன்வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பர்மா நகர்ப் பேத்தி மாத்திரம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று என்ன சட்டம்? நம் வீட்டிலும் கற்றுக்கொள்ளலாமே!

ஆகையால் நண்பரின் ஆட்சேபத்தை மீறி ஒரு சமையல் குறிப்பும் கொடுத்துவிடுகிறேன். நாலு பேருக்கு அளவு இது. ஆறின சோறு நாலு கிண்ணம். சேவை பிடித்தவர்கள் அதே அளவு வெந்த சேவை. தோல் உரித்த உருளைக்கிழங்கு 2. சிறிய முட்டைக்கோஸில் கால் பாகம், மெல்லியதாகச் சீவியது. உப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவின பிறகே சீவ வேண்டும். பச்சையாகத் தின்கிற காய்க்கு இந்தச் சுத்தம் அவசியம். பெரிய வெங்காயம் 3: ஒன்று பச்சையாக, இரண்டு சிவக்கப் பொரித்தது. பூண்டுப் பல் 10, தட்டி நாலு மேஜைக்கரண்டி எண்ணெயில் இளஞ்சூட்டில் பொன்னிறமாக்கியது. எண்ணெயும் பூண்டும் இரண்டும் வேண்டும். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்த கெட்டித் தண்ணீர். வறுத்த கடலைப் பருப்பு மாவு 4 மேஜைக்கரண்டி. அவசரத்துக்குப் பொட்டுக்கடலை மாவும் உதவும். வறுத்து இடித்த மிளகாய், உப்பு, கொத்துமல்லி. கடைசியில் நொறுக்கிப் போட வீட்டிலுள்ள தட்டை இரண்டு.

முதலில் காய், அதன் மேல் உப்பு. கோஸ் துவளும் வரை கசக்கல். பிறகு மாவு, புளி, எண்ணெய். அதற்குப் பிறகே சோறும் கிழங்கும். தட்டையைப் பரிமாறுகிற நேரத்தில்தான் நொறுக்க வேண்டும். கரண்டி போட்டுக் கிளறினால் சாமான்கள் கலக்கும், சேராது. கைதான் வேண்டும். காரட், வெள்ளரி, அவித்த பீன்ஸ், முளை கட்டின பயறு, அன்றைக்கு வீட்டில் எது இருக்கிறதோ அதைச் சேர்க்கலாம். பச்சையில் ஒரு பங்கு, வெந்ததில் இரண்டு பங்கு என்ற கணக்கு மாத்திரம் தவறக் கூடாது. சமையல்கட்டில் வேலை அரை மணிக்கு மேல் போகாது. வீட்டுத் தலைவரும் ஒரு மணி கழித்து எட்டிப் பார்க்க மாட்டார். பிசைகிற வேலையை அவரிடமே ஒப்படைத்துவிட்டால் இன்னும் நல்லது.

சாப்பிட்டு முடித்த பிறகு குழந்தைகள், "இதற்கு ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்டால், ரங்கூன் துறைமுகத்தில் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறிய பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்லுங்கள். 'தோ' என்றால் கையால் கலப்பது என்று அர்த்தம் சொல்லிக் கொடுங்கள்.